பின்னோக்கி அமர்ந்தவள்

படகில் என் முதுகுதான் முதலில் போகும்.
கிளெம் ஆற்றைப் பார்த்து ஓட்டுவான்,
நான் கயிற்றைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன்.
வரப்போகும் வளைவு எதுவும் எனக்குத் தெரியாது.
தெரிவதெல்லாம் கடந்துபோனவை:
கிழிந்து மூடும் வெண்ணுரை,
மர்ரே நதிக்கரை யூகலிப்டஸ்கள்,
கயிற்று நுனியில் இரண்டு தலைக்கவசங்கள்.
ஒன்று, இரண்டு.
எண்ணுவதுதான் என் வேலை.

மணிக்கு நூற்றைம்பது கிலோமீட்டரில்
தண்ணீர் தண்ணீராக இருப்பதில்லை.
விழுகிறவனுக்கு அது தார்ச்சாலை.
டெரனுக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை,
அவன் இடது முழங்காலுக்கு ஏற்கெனவே தெரியும்.

பிப்ரவரியில், ஒரு வளைவு தாண்டியதும்,
ஒன்று
என்று எண்ணி நின்றேன்.
கை உயர்த்தினேன். கொடி உயர்த்தினேன்.
கிளெம் வேகம் குறைத்துத் திரும்பினான்.
எல்லாம் விதிப்படி.
பின்னால் வந்த படகிலும்
விதி தெரிந்தவர்கள்தான் இருந்தார்கள்.
வளைவுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள்,
அவ்வளவுதான்.

அதோடு போட்டிகள் நின்றன.
படகுகள் கொட்டகைகளில் தார்ப்பாய் போர்த்தித் தூங்கின.
மன்றத்தில் மாதம் இரண்டு கூட்டம்,
பொரித்த மீன் வாடை, காகிதக் கோப்பைகள்.
படகுக்கும் படகுக்கும் எத்தனை நொடி இடைவெளி?
கழுத்துப் பட்டை கட்டாயமா?
"ஆறு என்றால் ஆபத்து இருக்கத்தான் செய்யும்"
என்றார் பொருளாளர் ரோலண்ட்.
கடைசி வரிசையில் டெரனின் அக்கா வின்னி
கோப்பையின் விளிம்பைச் சுருட்டிச் சுருட்டி
அடிவரை வந்துவிட்டாள்.
ரோலண்ட் அந்த வாக்கியத்தை
மறுபடி சொல்லவில்லை.

ஆகஸ்டில் ஒத்திகை.
நீருடையில் மணலும் நுரைப்பஞ்சும் அடைத்து
ஒரு பொம்மையை ஆற்றில் போட்டார்கள்.
சமர்த்துப் பொம்மை. நிமிர்ந்து மிதந்தது.
அதற்குக் குளிராது, அது கத்தாது,
வாயில் தண்ணீர் போகாது.
நான் இறங்குகிறேன் என்றேன்.
கிளெம் என்னைப் பார்க்காமல்
நீருடையின் ஜிப்பை மேலே இழுத்துவிட்டான்.

நீரிலிருந்து பார்க்க
ஆறு வேறு ஆறு.
கண்மட்டத்தில் பழுப்பு நீர், அதன்மேல் வானம்.
பதினாறு வருடமாக நான் உயர்த்திய கொடி
அங்கிருந்து ஒரு தடவைகூடத் தெரியவில்லை.
எஞ்சின் மட்டும் கேட்டது,
எந்தப் பக்கமிருந்து என்று தெரியாமல்,
எல்லாப் பக்கமிருந்தும்.
மீட்புப் படகு வர
மூன்று நிமிடம் ஐம்பது நொடி.
பற்கள் தந்தியடிக்க நான் சொன்னது இதுதான்:
வளைவில் ஓர் ஆள் வேண்டும்,
விளக்கோடும் வாக்கிடாக்கியோடும்.
எல்லா வளைவிலும்.

அந்தக் கரை ஒரு மாட்டுப் பண்ணை.
அனுமதி கேட்கப் போனால்
பண்ணைக்காரர் ஹெக்டர் மல்வேனி
"வேறு யாரும் வேண்டாம், நானே நிற்கிறேன்" என்றார்.
அன்று பிப்ரவரியிலும்
அவர் அங்கேதான் நின்றிருந்தார்.
யாரும் எதுவும் கேட்கவில்லை.

இரண்டாம் ஒத்திகை: ஒரு நிமிடம் நாற்பது.
கைதட்டினார்கள்.
மூன்றாவது: நான்கு நிமிடம்.
வாக்கிடாக்கியில் மின்கலம் தீர்ந்திருந்தது.
விதிப்புத்தகத்தில் மின்கலத்துக்கென்று
ஒரு வரி எழுதினோம்.
அதற்கு மட்டும் விவாதமே இல்லை.

நவம்பரில் தேதி குறித்தாகிவிட்டது.
ஓட வேண்டுமா என்று வின்னியிடம் கேட்டோம்.
"என்னிடம் கேட்காதீர்கள்" என்றாள்.
மறுவாரம் நேரக்காப்பாளர் பட்டியலில்
அவள் பெயர் இருந்தது,
அவள் கையெழுத்திலேயே.

இன்று காலை தொடக்கக் கோட்டில்
நீராவி போல் மெல்லிய பனி.
தொலைவில், முதல் வளைவில், ஹெக்டரின் விளக்கு.
கிளெமுக்கு அது எதிரே தெரியும்.
எனக்குத் தெரிய வேண்டுமென்றால்
நான் கழுத்தைத் திருப்ப வேண்டும்.

திருப்பினேன், ஒரே ஒரு முறை.
பிறகு கயிற்றைப் பார்த்து உட்கார்ந்தேன்.
"சரியா?" என்றான் கிளெம்.
ஒன்று
என்றேன்.
கயிறு விறைத்தது.
இரண்டு.